பிர்கெனாவ் ஓவியங்கள்: ரிக்டர் காட்டினாரா, மூடினாரா?

கரிக்கோடு:
கொஞ்ச நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிற விஷயம். இங்கே ஓவியம் தெரிந்தவர்கள் இருப்பதால் கொட்டிவிடுகிறேன், திட்டுவதென்றால் திட்டுங்கள்.

கெர்ஹார்ட் ரிக்டர் என்று ஒரு ஜெர்மன் ஓவியர். 1932-இல் டிரெஸ்டனில் பிறந்தவர். கிழக்கு ஜெர்மனியில் சுவரோவியம் படித்து, 1961-இல் பெர்லின் சுவர் எழும்ப சில மாதங்கள் இருக்கும்போது மேற்கே தப்பி வந்தவர். நம் காலத்து ஓவியர்களில் இவரை மிஞ்ச ஆளில்லை என்று பாதி உலகம் சொல்கிறது. அவர் 2014-இல் 'பிர்கெனாவ்' என்று நான்கு அரூப ஓவியங்கள் செய்தார், ஒவ்வொன்றும் 260-க்கு 200 சென்டிமீட்டர். அவற்றுக்கு மூலம் 1944 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் முகாமில் எடுக்கப்பட்ட நான்கு புகைப்படங்கள். பிணங்களை எரிக்கும் வேலையில் கட்டாயப்படுத்தி இறக்கப்பட்ட யூதக் கைதிகளே திருட்டுத்தனமாக எடுத்தவை. பிடிபட்டால் உடனே சாவு. படச்சுருளைப் பற்பசைக் குழாய்க்குள் வைத்து முகாமுக்கு வெளியே கடத்தினார்கள், உலகம் பார்க்கட்டும் என்று.

இப்போது ரிக்டர் செய்ததைப் பாருங்கள். நான்கு படங்களையும் பெரிய கேன்வாஸில் கரியால் வரைந்தார், வண்ணம் வைத்தார், சரிவரவில்லை என்று நினைத்தார், அப்புறம் அதன் மேலேயே கறுப்பு, வெள்ளை, சாம்பல், நடுவே பச்சையும் சிவப்பும் என்று அடுக்கடுக்காக அப்பி இழுத்து மொத்தத்தையும் மூடிவிட்டார். இன்றைக்கு அதில் ஒரு மனிதர் தெரியமாட்டார், ஒரு மரம் தெரியாது. பெயர்ப்பலகையை எடுத்துவிட்டால் வங்கி வரவேற்பறையில் மாட்டலாம்.

உயிரைக் கொடுத்து வெளியே அனுப்பிய நாலு படத்தை ஒரு ஜெர்மானியர் எடுத்து வண்ணத்தால் மூடுகிறார், நாம் அதை மகத்தான நினைவு ஓவியம் என்கிறோம். எனக்கு மட்டும்தான் இது கோணலாகத் தெரிகிறதா?

வரவுசெலவு:
2015-இல் லண்டன் ஏலத்தில் இவருடைய ஒரு அரூப ஓவியம் 30.4 மில்லியன் பவுண்டுக்குப் போனது. உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது. மிச்சமெல்லாம் பொழிப்புரை.

நீர்வண்ணம்:
வரவுசெலவு, பிர்கெனாவ் நான்கும் ஏலத்துக்கே வரவில்லை, வரவும் வராது. விற்கக்கூடாது என்றே ஒரு அறக்கட்டளை வைத்து, மொத்தம் நூறு படைப்புகளில் இவற்றையும் சேர்த்து பெர்லின் அருங்காட்சியகங்களுக்கு 2021-இல் நீண்டகாலக் கடனாகக் கொடுத்துவிட்டார். ஏல விலைகள் பைத்தியக்காரத்தனம் என்று அவரே பேட்டிகளில் சலித்துக்கொண்டிருக்கிறார். விலையை வைத்து அடிப்பதென்றால் வேறு ஓவியத்தைப் பிடியுங்கள்.

கரிக்கோடு, நீங்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறீர்கள். அந்த ஓவியங்களை அவர் தனியாக மாட்டுவதில்லை. அதே கூடத்தில் அந்த நான்கு புகைப்படங்களின் பிரதிகளும் இருக்கும். எதிர்ச்சுவரில் நான்கு பகுதியாகப் பெரிய சாம்பல் நிறக் கண்ணாடி. ஒளிக்க நினைப்பவன் ஒளித்த பொருளைப் பக்கத்துச் சுவரிலேயே தொங்கவிடுவானா?

இது திடீரென்று தோன்றியதும் இல்லை. 'அட்லஸ்' என்று புகைப்படங்களும் வெட்டி ஒட்டிய துணுக்குகளுமாக அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த ஒரு தொகுப்பு இருக்கிறது. அதில் 1967-லேயே வதைமுகாம் படங்கள் இருக்கின்றன. வரைய முயன்றார், முடியவில்லை. பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வேலை கொடுத்தபோது மறுபடி அந்தப் படங்களைக் கையில் எடுத்தார், அதையும் விட்டுவிட்டு கறுப்பு, சிவப்பு, தங்கம் என்று தேசியக்கொடி வண்ணத்தில் 20 மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடி செய்து கொடுத்தார். பிர்கெனாவுக்கு வரும்போது வயது 82. சுமார் ஐம்பது வருடம் ஒருவர் ஒரு விஷயத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார், நீங்கள் வங்கி வரவேற்பறை என்கிறீர்கள்.

கரிக்கோடு:
ஐம்பது வருடம் முயன்றார் என்பது அவர்மேல் இரக்கம் வர வைக்கும், ஓவியத்தை நல்லதாக்காது. புகைப்படம் பக்கத்தில் இருந்தால்தான் ஓவியம் பேசும் என்றால் பேசுவது புகைப்படம்தானே? ஓவியம் அங்கே என்ன செய்கிறது, துணைக்கு வந்து நிற்கிறதா?

பட்டறை முருகு:
நான் ஓவியன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 22 வருஷமாக ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை. கல்யாணப் பத்திரிகை, துணிப்பை, கோயில் திருவிழா பனியன். அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: ஸ்குவீஜி, அதாவது மையை இழுத்துத் தடவுகிற பலகை. இந்த ரிக்டர் 1980 வாக்கிலிருந்து தூரிகையைவிட அதை வைத்துத்தான் அதிகம் வேலை செய்திருக்கிறார் என்று மகன் ஒரு ஆவணப்படம் போட்டுக் காட்டினான். 2011-இல் வந்தது, கொரினா பெல்ஸ் என்ற அம்மா எடுத்தது. முழுக்கப் பார்த்தேன், சோறு ஆறிப்போனது.

எங்கள் ஸ்குவீஜி ஒரு அடி, ஒன்றரை அடி. அவருடையது ஆள் நீளத்துக்கு ஒரு பிளெக்ஸிகிளாஸ் பலகை, மரப்பிடி போட்டது. அதன் விளிம்பில் வண்ணத்தைத் தடவி, ஈரமாக இருக்கிற கேன்வாஸின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு இழுத்துக்கொண்டே போகிறார். நின்று நின்று போகிறார். ஓரிடத்தில் அழுத்தம் கூடினால் அடியில் இருக்கிற பழைய வண்ணம் கிழிந்து வெளியே வருகிறது. அழுத்தம் குறைந்தால் மேல் வண்ணம் திட்டுத்திட்டாகப் பிடிக்கிறது. கை ஒரு நொடி தயங்கினால் அங்கே நெடுக்க ஒரு வரி விழும். எங்கள் தொழிலில் அந்த வரி விழுந்தால் அந்தத் தாள் கழிவுக் கட்டில்தான், மாப்பிள்ளை வீட்டுக்காரர் மேலே எறிவார். இந்த மனிதர் அந்த வரி எங்கே விழ வேண்டும் என்று பார்த்து விழ வைக்கிறார், பாதி அதுவாக விழுகிறது, பாதி இவர் விழ வைக்கிறார், விழுந்தபின் தள்ளி நின்று பார்த்து இது வேண்டாம் என்று மறுபடி மூடுகிறார். அந்த 'வேண்டாம்' சொல்கிற இடம்தான் தொழில். குருட்டாம்போக்கில் வருவது என்று யாராவது சொன்னால் ஒரு நாள் பட்டறைக்கு வரச் சொல்லுங்கள், ஒரு ரிம் தாள் கொடுக்கிறேன்.

ஆனால் தம்பி கரிக்கோடு கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கை நன்றாக இருக்கிறது. அந்தக் கைக்கும் அந்த முகாமுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கும் விளங்கவில்லை.

கரிக்கோடு:
முருகு அண்ணே, அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் அந்தக் கை முதலில் யாருடையது என்றும் சொல்ல வேண்டும். கார்ல் ஓட்டோ கோட்ஸ், 1914-இல் பிறந்து 103 வயது வரை வாழ்ந்தவர். 1952 வாக்கிலேயே தூரிகையால் வண்ணத்தை வீசி, ஈரம் காய்வதற்குள் ஸ்குவீஜியால் இழுத்து, சில நொடிகளில் ஓவியம் முடித்தவர். ரிக்டர் டுசல்டார்ஃப் கலைக்கல்லூரியில் படித்தது இவரிடம். பின்னாளில் பேர்பெற்ற ஓவியர் சிக்மார் போல்கேவும் இவருடைய மாணவர்தான். மாணவருக்கு மில்லியன்கள், வாத்தியார் பெயர் ஜெர்மனியைத் தாண்டினால் பாதிப் பேருக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் அரூப ஓவியம் ஏன் அப்படித் தலைமேல் வைத்துக் கொண்டாடப்பட்டது? 1937-இல் மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்று கண்காட்சி வைத்து நவீன ஓவியர்களை நாஜிகள் கேவலப்படுத்தினார்கள், எனவே அரூபம் வரைந்தால் நாங்கள் நாஜி இல்லை என்று அர்த்தம், கிழக்கே ஸ்டாலின் பாணித் தொழிலாளி ஓவியம், இங்கே சுதந்திரம் என்று அர்த்தம். 1955-இல் காஸல் நகரில் டாக்குமென்டா கண்காட்சி ஆரம்பித்தது. அதற்குக் கொள்கை வகுத்துக் கொடுத்தவர் வெர்னர் ஹாஃப்ட்மன். அரூபம்தான் உலகப் பொதுமொழி என்று 1959-இல் இரண்டாவது டாக்குமென்டாவில் முழங்கியவர். அந்த ஹாஃப்ட்மன் 1937 முதல் நாஜிக் கட்சி உறுப்பினர் என்பதைப் பெர்லின் வரலாற்று அருங்காட்சியகம் 2021-இல் ஒரு கண்காட்சியே வைத்து விரிவாகப் பேசியது. போர்க்காலத்தில் இத்தாலியில் அவர் செய்தவையும் அதோடு வெளியே வந்தன. அதாவது அழகான வண்ணம், உருவம் கிடையாது, ஆள் கிடையாது, ஆகவே குற்றவாளியும் கிடையாது. மூடுவதற்கு வசதியான பாணி. அதே பாணியில் பிர்கெனாவை மூடினால் எனக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

நீர்வண்ணம்:
இது நல்ல வாதம். ஒப்புக்கொள்கிறேன், ஐம்பதுகளின் மேற்கு ஜெர்மன் அரூபத்தில் பாதி இப்படித்தான் மறதிக்குப் போட்ட திரை. கோட்ஸ் பற்றிச் சொன்னதும் சரி, ராக்கெல் என்று ஜெர்மனில் சொல்லும் அந்தப் பலகை அவர் வழியில் வந்ததுதான்.

ஆனால் அந்தத் திரையைக் கிழித்த ஆளே ரிக்டர்தான் என்பதை எப்படி விட்டீர்கள்? 1959 டாக்குமென்டாவுக்குக் கிழக்கிலிருந்து வந்து போலக், ஃபொன்டானா போன்றவர்களின் அரூப ஓவியங்களைப் பார்த்து ஆடிப்போனார், உண்மை. ஆனால் மேற்கே வந்து ஒன்றிரண்டு வருடத்தில் அரூபத்தை ஓரம் வைத்துவிட்டு வீட்டு ஆல்பத்துப் புகைப்படங்களை வரையத் தொடங்கினார். 1965-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'ரூடி மாமா': அம்மாவின் தம்பி, நாஜி ராணுவத்தின் நீளக் கோட்டில் சிரித்துக்கொண்டு நிற்கிறார், 1944-இல் போரில் செத்தார். ஜெர்மனியில் ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் இருந்த படம், ஒருவரும் வெளியே எடுக்காத படம். அதை வரைந்து செக்கோஸ்லோவாக்கியாவில் லிடிட்சே நினைவிடத்துக்குக் கொடுத்துவிட்டார். லிடிட்சே தெரியும்தானே, 1942-இல் நாஜிகள் ஆண்களைச் சுட்டுக் கொன்று தரைமட்டமாக்கிய கிராமம்.

அதே வருடம் 'மரியான் சித்தி'. சித்திக்கு 14 வயது, முன்னால் நாலு மாதக் குழந்தையாக ரிக்டர். அந்தச் சித்திக்கு மனநோய் என்று முத்திரை குத்தி, கட்டாயக் கருத்தடை செய்து, 1945-இல் ஒரு மனநல விடுதியில் பட்டினி போட்டுக் கொன்றார்கள். மனநோயாளிகளை ஒழிக்கும் நாஜித் திட்டத்தை நடத்திய மருத்துவர் வெர்னர் ஹைடே, அவர் கைதான செய்திப் படமும் அதே 1965-இல் ஓர் ஓவியம். கொன்ற பக்கமும் செத்த பக்கமும் ஒரே குடும்பத்தில், ஒரே சுவரில். ஈரம் காயாத சாம்பல் வண்ணத்தின் மேல் மெல்லிய தூரிகையை இழுத்து எல்லாவற்றையும் கலங்க வைத்திருப்பார், அவ்வளவுதான்.

வரவுசெலவு:
கலங்க வைத்தார் என்றால் அதுவும் பாதி மூடல்தானே? :)

நீர்வண்ணம்:
ஆமாம், முதல் நாளிலிருந்தே! அவர் தன் படைப்புகளுக்குத் தானே எண் போட்டு வைத்திருக்கிறார். எண் 1, 'மேசை', 1962. பத்திரிகையில் வந்த சாதாரண மேசைப் படத்தை வரைந்துவிட்டு நடுவில் வண்ணத்தைச் சுழற்றித் தேய்த்திருப்பார். அதற்கு முந்தைய கிழக்கு ஜெர்மன் வேலையை எல்லாம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. காட்டுவதும் தேய்ப்பதும் ஒரே கையில்.

கரிக்கோடு:
மேசையைத் தேய்த்தால் மேசைக்கு வலிக்காது.

வரவுசெலவு:
மூடல் பற்றிப் பேசுவதால் ஒரு துணுக்கு. 1956-இல் டிரெஸ்டன் சுகாதார அருங்காட்சியகத்தில் மாணவர் ரிக்டர் ஒரு பெரிய சுவரோவியம் வரைந்தார். ஆட்டம் பாட்டம், கடற்கரை, குடும்பம் என்று கட்சிக்குப் பிடித்த மகிழ்ச்சி. 1979-இல் அதன் மேல் வெள்ளை அடித்துவிட்டார்கள். இப்போது சுரண்டிச் சில பகுதிகளை வெளியே எடுத்திருக்கிறார்கள். அவர் மறக்க நினைத்ததை ஊரார் சுரண்டுகிறார்கள், அவர் சுரண்டியதை ஊரார் வாங்குகிறார்கள். இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, பாதி.

ரைன்கரை:
நான் கொலோனில் இருக்கிறேன், ரிக்டரும் இந்த ஊர்தான். இங்கே எல்லோரும் ரிஷ்டர் என்றுதான் சொல்லுவார்கள், ஆனால் நீங்கள் ரிக்டர் என்றே கதையுங்கள், பிழை இல்லை. நான் பெரிய கலை ரசிகை இல்லை. வேலைக்குப் போகும் வழியில் பேராலயம் இருப்பதால் மழை வந்தால் உள்ளே ஒதுங்குவேன், அவ்வளவுதான்.

தெற்குப் பக்கத்துப் பெரிய யன்னல் அவருடையது. போரில் பழைய கண்ணாடி போய்விட்டது, பிறகு வெறும் வெளிறிய கண்ணாடி போட்டு வைத்திருந்தார்கள், வெயில் நேரம் கண் கூசுமாம். நாஜிக் காலத்தில் கொல்லப்பட்டவர்கள் உட்பட இருபதாம் நூற்றாண்டின் தியாகிகள் ஆறு பேரை உருவமாக வரைந்து தரச் சொல்லித்தான் முதலில் கேட்டார்கள். அவர் முயன்று பார்த்தார், வரவில்லை. தான் 1974-இல் செய்த 4096 நிறக் கட்டங்கள் உள்ள ஓவியத்தின் படத்தை எடுத்து அதன் மேல் யன்னலின் வடிவத்தை வைத்துப் பார்த்தாராம், அப்படியே பொருந்திவிட்டதாம். அதைத்தான் செய்தார். 72 நிறம், எல்லாம் அந்தக் கோயிலின் பழைய யன்னல்களில் இருக்கும் நிறங்களிலிருந்து எடுத்தது. சுமார் 11,200 சதுரங்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு, பத்து சென்டிமீட்டர் கூட இல்லை. எந்த நிறம் எங்கே என்று கணினி குலுக்கிப் போட்டது, பாதியை அப்படியே மறுபக்கம் கண்ணாடி பிம்பமாகத் திருப்பியிருக்கிறார். கூலி வாங்கவில்லை.

2007 ஓகஸ்டில் திறந்தார்கள். கொலோன் பேராயர் கர்தினால் மைஸ்னர் அந்த விழாவுக்கே வரவில்லை. இது பள்ளிவாசலுக்கோ வேறேதும் தொழுகை வீட்டுக்கோ பொருத்தம், எங்கள் விசுவாசம் இதில் இல்லை என்ற மாதிரிச் சொன்னார். அடுத்த மாதமே வேறொரு அருங்காட்சியகத் திறப்பில், கடவுளை விட்டு விலகினால் பண்பாடு சீரழிந்துவிடும் என்று பேசும்போது நாஜிகள் பயன்படுத்திய அதே 'சீரழிந்த' என்ற சொல்லைப் போட்டு நாடு முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு பங்குனி மாதம், பின்னேரம் ஆகவில்லை, மத்தியானம் ஒரு மணி இருக்கும், வெளியே மழை விட்டு வெயில் வந்தது. அந்த யன்னலுக்கு எதிரே இருக்கும் கல்தூணில் நிறம் இறங்கியது. சிவப்பு, மஞ்சள், ஒரு மாதிரி ஊதா. மேகம் போகப்போக அது தூணில் நகர்ந்து கீழே தரைக்கு வந்து ஒரு வயதான அம்மாவின் வெள்ளைத் தலைமுடியில் ஏறியது. அவ பாட்டுக்குச் செபம் செய்துகொண்டிருந்தா, அவவுக்குத் தெரியாது. உருவம் வரைந்திருந்தால் நான் உருவத்தைப் பார்த்திருப்பேன், அந்த அம்மாவைப் பார்த்திருக்க மாட்டேன். இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

கரிக்கோடு:
ரைன்கரை அக்கா, படிக்கவே நன்றாக இருக்கிறது. யன்னலோடு எனக்குச் சண்டை இல்லை. அது ஒளியைப் பற்றியது, ஒளி வருகிறது, முடிந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அங்கேயும் ஆறு தியாகிகளை வரையச் சொன்னார்கள், ஆறு பேரும் காணாமல் போய் நிறம் மட்டும் மிஞ்சியது. பாராளுமன்றத்திலும் முகாம் படங்கள் காணாமல் போய்க் கொடி வந்தது. பிர்கெனாவிலும் அதே. மூன்று முறை ஒரே மாதிரி. கொல்லப்பட்டவர்களைக் கேட்டால் இவர் வண்ணம் கொடுக்கிறார்.

நீர்வண்ணம்:
இதை எதிர்பார்க்கவில்லை, யோசிக்க வைத்துவிட்டீர்கள். ஆனாலும் விடமாட்டேன்.

உங்கள் வாதம் முழுக்க ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: உருவத்தைக் காட்டினால் விஷயம் தெரிந்துவிடும். அப்படியா? 1964-இல் ரிக்டர் 'கடற்கரையில் குடும்பம்' என்று ஒன்று வரைந்தார். நடுவில் சிரிக்கும் பெரியவர் அவருடைய மாமனார், ஹைன்ரிஷ் ஒய்ஃபிங்கர், மகப்பேறு மருத்துவர். அந்த மாமனார் நாஜிகளின் எஸ்.எஸ். படையில் இருந்தவர், டிரெஸ்டனில் கட்டாயக் கருத்தடை அறுவைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். எந்தத் திட்டம் மரியான் சித்தியின் வயிற்றை அறுத்ததோ அதே திட்டத்தின் ஆள். ரிக்டருக்கு அப்போது தெரியாது. முகம் தெளிவாக இருக்கிறது, பல் தெரியச் சிரிக்கிறார், நாற்பது வருடம் உலகமே பார்த்தது, ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. 2000-களின் நடுவில் ஒரு பத்திரிகையாளர் ஆவணங்களைத் தோண்டி எழுதியபின்தான் வெளியே வந்தது. வரைந்த கையே அதை அறியாமல்தான் வரைந்திருக்கிறது. காட்டுவதால் கிடைக்கும் அறிவு இவ்வளவுதான். இதை நேரில் அனுபவித்த ஒருவர் பிர்கெனாவ் படத்தை அச்சு அசலாக வரைந்து, பாருங்கள் இதுதான் நடந்தது என்று மாட்டினால் அதுதான் பொய் என்பேன்.

கரிக்கோடு:
நீங்களே எனக்குக் கோல் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். மாமனார் யார் என்று தெரிய வைத்தது எது? காகிதம். பெயர், தேதி, மருத்துவமனைப் பதிவேடு. வண்ணம் அல்ல, கலக்கிய வண்ணமும் அல்ல, மூடிய வண்ணமும் அல்ல. ஆகவே முகாமில் எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக, சுத்தமாக மாட்டுங்கள், பக்கத்தில் யார் எடுத்தது, எங்கே நின்று எடுத்தது என்று எழுதுங்கள். ஓவியர் ஒதுங்கி நிற்கட்டும்.

வரவுசெலவு:
ஓவியருக்கு ஒதுங்கத் தெரியாதய்யா. இவருடைய குப்பைக்கே வழக்கு நடந்திருக்கிறது. கொலோனில் அவர் வீட்டு வாசலில் காகிதக் கழிவுக்கு வைத்திருந்த பெட்டியிலிருந்து, வேண்டாமென்று போட்ட சில வரைவுகளை எடுத்து ஏலக்கடையில் விற்கப் பார்த்த ஒருவருக்கு 2019-இல் நீதிமன்றம் 3,150 யூரோ அபராதம் போட்டது. குப்பையில் போட்டாலும் சொத்து அவருடையதாம். நான் வாரப் பத்திரிகையைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டபோது ஒருவரும் வழக்குப் போடவில்லை.

பட்டறை முருகு:
நேற்று இரவு உட்கார்ந்து அந்த நான்கு புகைப்படத்தையும் பார்த்தேன். பார்க்கக்கூடாது என்று நினைத்துத்தான் இத்தனை நாள் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

பிரிண்ட் போடுகிறவன் முதலில் பார்ப்பது எது கறுப்பு, எது வெள்ளை என்றுதான். அந்த நான்கில் இரண்டு படங்களில் பெரும்பகுதி கறுப்பு. சும்மா இருட்டு இல்லை, ஒரு கதவுச் சட்டம். உள்ளே இருந்து வாசல் வழியாக எடுத்திருக்கிறார். எந்த உள்ளே? விஷவாயு அறைக்கு உள்ளே நின்று எடுத்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வெளியே புகை, பிணங்கள், வேலை செய்கிற ஆட்கள். மூன்றாவதில் மூலையில் சின்னதாக, உடையில்லாத பெண்கள், படமே சாய்ந்து கிடக்கிறது. நான்காவதில் ஒன்றுமே இல்லை, மரக்கிளைகள், வானம். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோக முடியாமல் இடுப்பில் மறைத்து வைத்து அமுக்கியிருப்பார்.

இந்தப் படங்களைப் பல வருடம் பல புத்தகங்களில் எப்படிப் போட்டார்கள் தெரியுமா? கறுப்பை வெட்டிவிட்டு, சாய்வை நிமிர்த்தி, அந்தப் பெண்களைப் பெரிதாக்கி, முகத்தைக் கூடத் திருத்தி. விஷயம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நல்ல எண்ணத்தில்தான். எனக்கு வாடிக்கையாளர் போட்டோ கொடுத்தால் நானும் அதைத்தான் செய்வேன், ஓரத்துக் கறுப்பை வெட்டு, ஆளைப் பெரிசு பண்ணு. ஆனால் இங்கே அந்தக் கறுப்புதானே அவர் நின்ற இடம்? அதை வெட்டினால் அவரையே வெட்டினது போலத்தானே? நான்காவது படம் தெளிவாக இல்லை என்று தூக்கிப் போட்டால், கேமராவைத் தூக்க முடியாத அந்த நிமிஷத்தையே தூக்கிப் போட்டது போலத்தானே?

தம்பி கரிக்கோடு, சுத்தமாகப் பெரிதாக மாட்டுங்கள் என்கிறீர்கள். சுத்தம் பண்ணினவர்களும் மூடித்தான் இருக்கிறார்கள். ரிக்டர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாலு படத்தையும் ஒரே அளவில், அந்த மரக்கிளைப் படத்தையும் சேர்த்து, ஒன்றையும் விடாமல் எடுத்திருக்கிறார். அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கரிக்கோடு:
அண்ணே, கறுப்பு பற்றி நீங்கள் சொன்னது நான் யோசிக்காதது. நேற்றிரவு எனக்கும் தூக்கம் இல்லாமல் பண்ணிவிட்டீர்கள். வெட்டியவர்கள் செய்ததும் மூடல்தான், ஒப்புக்கொள்கிறேன், 'சுத்தமாக' என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கறுப்பு புகைப்படத்திலேயே இருக்கிறது. ரிக்டர் வந்து இன்னொரு கறுப்பைச் சேர்க்க வேண்டியதில்லை. தவிர, அந்தப் படத்தை எடுத்தவர், அலெக்ஸ் என்று அழைக்கப்பட்ட கிரேக்க யூதர் என்பார்கள், அவருடைய பெயர் ஓவியத் தலைப்பில் இல்லை. முகாமின் பெயர் இருக்கிறது.

நீர்வண்ணம்:
பெயர் விஷயத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். அது குறைதான். மற்றதில் வரவில்லை. 2017-இலிருந்து பிர்கெனாவ் ஓவியங்களின் புகைப்படப் பிரதி பாராளுமன்ற மேற்கு வாசலில் அந்தக் கொடிக்கு நேர் எதிரே தொங்குகிறது. அந்த வாசல் வழியாக வருகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே நடந்துதான் போக வேண்டும். வங்கி வரவேற்பறை இல்லை.

ரைன்கரை:
நான் போன வருடம் பிள்ளைகளோடு பெர்லின் போனபோது புதிய தேசிய அருங்காட்சியகத்தில் அந்தக் கூடத்துக்குள் போனேன், அதைச் சொல்லத்தான் திரும்ப வந்தேன். ஓவியங்கள் பெரிது, பக்கத்தில் போனால் வண்ணம் காய்ந்து மரப்பட்டை மாதிரி உரிந்து நிற்கிறது, தூர நின்றால் மழைபெய்த தகரம். புகைப்படங்கள் அதற்கு முன்னால் மிகவும் சின்னது. மக்கள் முதலில் ஓவியத்தைப் பார்த்து "வடிவாக இருக்கு" என்ற முகத்தோடு நிற்கிறார்கள், பிறகு புகைப்படத்துக்கு வந்து குனிகிறார்கள், பிறகு ஓவியத்துக்குத் திரும்பிப் போக ஒருவருக்கும் மனம் வருவதில்லை. எதிரே கண்ணாடியில் எல்லோருமே சாம்பலாகத் தெரிகிறோம். ஒரு பள்ளிக்கூடப் பொடியன் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்தான், அவன் முதுகுக்குப் பின்னால் பிர்கெனாவ் நாலும் கண்ணாடியில் தெரிந்தது. என் மகள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கரிக்கோடு:
அந்தப் பையன் என் பக்கத்துச் சாட்சி.

நீர்வண்ணம்:
உங்கள் மகள் என் பக்கத்துச் சாட்சி.

பட்டறை முருகு:
அக்கா, ஒரு தொழில் சந்தேகம். அந்தக் கண்ணாடி சாம்பலாக இருக்கிறதே, கண்ணாடிக்குப் பின்னால் பெயிண்ட் அடித்திருக்கிறார்களா, இல்லை கண்ணாடியே அந்த நிறமா? ஓரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரைன்கரை:
ஓரத்தைப் பார்க்கத்தான் கிட்டப் போனேன், காவலர் வந்து தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்.